கண்ணுக்கு விளையாட்டு, கருத்துக்குச் சோதனை



படங்களைப் பற்றி வானொலியில் பேசுவது ஒரு வகையில் வேடிக்கையான செயல். நான் சொல்லும் படங்களுள் ஒன்றையேனும் இப்போது உங்களுக்குக் காட்ட என்னால் இயலாது. ஆயினும், அதனால் ஒரு நன்மையும் உண்டு. கண் ஓய்வு பெறும்போது கருத்து விழித்துக்கொள்ளும். இன்று நமக்கு வேண்டுவது அந்த விழிப்பே.

கும்பகோணத்திற்கு அண்மையில் தாராசுரம் என்றோர் ஊர் இருக்கிறது. அங்கே 12-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் இராசராச சோழன் எடுப்பித்த ஐராவதேசுவரர் கோயில், 2004-ஆம் ஆண்டு முதல் உலக மரபுச் சின்னங்களுள் ஒன்றாக எண்ணப்படுகிறது. நான் ஆசிரியனாக இருந்த நாளில் மாணவர்களைப் பன்முறை அங்கே அழைத்துச் சென்றதுண்டு. தேர் போன்ற மண்டபத்தையும் நுண்ணிய தூண்களையும் அவர்கள் ஒருவாறு பார்த்துவிட்டு நகர்வார்கள். ஆனால் ஒரு சிறு சிற்பத்தின் முன் மட்டும் கூட்டமாக நின்றுவிடுவார்கள். அதில் காளை ஒன்றும் யானை ஒன்றும் எதிரெதிராக நிற்கின்றன. உடல் இரண்டு, தலையோ ஒன்றுதான். ஓர் உடலைக் கையால் மறைத்தால் அத்தலை யானைத் தலையாகிறது. மற்றோர் உடலை மறைத்தால் அதே தலை காளைத் தலையாகிறது. "ஐயா, நான் மறைக்கிறேன், நான் மறைக்கிறேன்" என்று மாணவர்கள் முந்துவார்கள். எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் மறைந்த அச்சிற்பி, அந்த நேரத்தில் அவர்களோடு கூடி விளையாடுகிறான் என்றே எனக்குத் தோன்றும்.

இத்தகைய விளையாட்டு நம் நாட்டிற்கு மட்டும் உரியதன்று. இத்தாலி நாட்டு மிலான் நகரில் பிறந்த ஆர்ச்சிம்போல்டோ என்னும் ஓவியர், 16-ஆம் நூற்றாண்டில் வியன்னாவிலும் பிராக் நகரிலும் பேரரசர்களின் அவையில் வாழ்ந்தவர். அவர் பழங்களையும் காய்களையும் மலர்களையும் அடுக்கி மனித முகங்களை வரைந்தார். தம் புரவலராகிய இரண்டாம் ருடால்ப் பேரரசரின் முகத்தையே அவ்வாறு காய்கனிகளால் வரைந்து அளித்தார். காய்கறிகள் நிறைந்த கிண்ணம் போன்ற மற்றோர் ஓவியத்தைத் தலைகீழாகத் திருப்பினால் ஒரு தோட்டக்காரனின் முகம் நம்மைப் பார்த்து நகைக்கும். ஹோல்பைன் என்பவர் 1533-ஆம் ஆண்டில் வரைந்த 'தூதர்கள்' என்னும் ஓவியம் இலண்டனில் இருக்கிறது. அதன் அடிப்பகுதியில் பொருள் விளங்காத நீண்ட கறை போன்ற ஒன்று காணப்படும். பக்கவாட்டில் ஒதுங்கி நின்று நோக்கினால் அது மண்டையோடாக உருவெடுக்கும். 1892-ஆம் ஆண்டில் மியூனிக் நகரத்து நகைச்சுவை இதழ் ஒன்றில் வாத்தாகவும் முயலாகவும் மாறி மாறித் தோன்றும் ஒரு சித்திரம் வெளிவந்தது. ஜாஸ்ட்ரோ என்னும் அமெரிக்க உளவியல் அறிஞர் 1899-ஆம் ஆண்டில் அதனை எடுத்துக்காட்டி, நாம் கண்ணால் மட்டும் காண்பதில்லை, மனத்தாலும் காண்கிறோம் என்று விளக்கினார்.

இந்த நான்கிற்கும் பொதுவான பண்பு ஒன்று உண்டு. அவை நம்மை ஏய்க்கின்றன. ஆனால் ஏய்ப்பதை ஒளிப்பதில்லை. கையால் மறைத்துப் பார், தலைகீழாகத் திருப்பிப் பார், பக்கத்தில் நின்று பார் என்று நம்மையே அழைக்கின்றன. படைத்தவனும் பார்ப்பவனும் உடன்பட்டு ஆடும் ஆட்டம் அது. ஆட்டம் முடிந்தபின் நாம் ஏமாந்தவர்களாக அன்றி, சற்று அறிவு கூர்ந்தவர்களாக வீடு திரும்புகிறோம்.

இந்த உடன்பாடு எப்போது தளர்ந்தது? புகைப்படக்கலை பிறந்த மறு ஆண்டிலேயே என்று கூறலாம். 1839-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டில் டகேர் என்பவரின் புகைப்பட முறை உலகிற்கு அறிவிக்கப்பெற்றது. அதே காலத்தில் வேறொரு முறையைத் தாமே கண்டுபிடித்தவர் பயார் என்னும் அரசு ஊழியர். புகழும் பொருளும் டகேருக்குச் சென்றன. மனம் வெதும்பிய பயார், 1840-ஆம் ஆண்டில் தம்மையே ஒரு படம் எடுத்தார். அதில் அவர் நீரில் மூழ்கி இறந்த பிணம்போல் சாய்ந்து கிடக்கிறார். படத்தின் பின்புறத்தில், உரிய ஆதரவு கிட்டாமையால் இவர் நீரில் வீழ்ந்து மாண்டார் என்னும் கருத்துப்பட ஒரு குறிப்பும் எழுதினார். உண்மையில் அவர் அதற்குப் பின் 47 ஆண்டுகள் வாழ்ந்து 1887-ஆம் ஆண்டில்தான் காலமானார்! கதிரவன் ஒளியே வரைவதால் பொய் சொல்லாதது என்று போற்றப்பட்ட கருவி, பிறந்த உடனேயே பொய் பேசவும் கற்றுக்கொண்டது.

இனி, இவ்வரலாற்றில் என் மனத்தைப் பெரிதும் ஈர்த்த நிகழ்ச்சிக்கு வருகிறேன். இங்கிலாந்தில் யார்க்‌ஷயர் பகுதியில் காட்டிங்லி என்பது ஒரு சிற்றூர். 1917-ஆம் ஆண்டு, முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்த காலம். அவ்வூரில் 16 வயதுடைய எல்சி என்ற பெண்ணும், தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்து தங்கியிருந்த அவளுடைய உறவினளான 9 வயதுச் சிறுமி பிரான்சசும் இருந்தனர். வீட்டின் பின்புறத்து ஓடையில் விளையாடிவிட்டு ஈரக் காலோடு வந்ததற்காகச் சிறியவள் கடிந்துகொள்ளப்பட்டாள். "தேவதைகளைப் பார்க்கத்தான் போகிறேன்" என்றாள் அவள். பெரியவர்கள் நகைத்தார்கள். எல்சிக்குச் சித்திரம் வரையத் தெரியும். ஒரு கதைப் புத்தகத்தின் படத்தைப் பார்த்துச் சிறகுள்ள தேவதைகளை அட்டையில் வரைந்து, கத்தரித்து, தொப்பி ஊசிகளால் ஓடைக்கரையில் நிறுத்தினாள். தந்தையின் புகைப்படக் கருவியைக் கேட்டு வாங்கி, அவற்றின் பின்னே பிரான்சசை அமரச்செய்து படம் எடுத்தாள். நகைத்தவர்களைத் திகைக்கவைக்க வேண்டும். இதற்குமேல் அவர்களுக்கு நோக்கம் ஒன்றும் இல்லை.

எல்சியின் தந்தை அதனை நம்பவில்லை. விளையாட்டு வீட்டோடு முடிந்திருக்கும். ஆனால் 1919-ஆம் ஆண்டில் எல்சியின் தாயார் வழியாகப் படம் வெளியே சென்றது. கைமாறிக் கைமாறி, ஷெர்லாக் ஹோம்ஸ் என்னும் துப்பறிவாளரைப் படைத்த ஆர்தர் கானன் டாயிலின் கைக்கே சென்று சேர்ந்தது. சிறு சாம்பல் துகளைக் கொண்டு குற்றவாளியைக் கண்டுபிடிக்கும் கதைகளை எழுதிய பேரறிஞர், அட்டைத் தேவதைகளை மெய்யென நம்பிவிட்டார்! 1920-ஆம் ஆண்டு டிசம்பரில் ஸ்ட்ராண்ட் இதழில் கட்டுரை எழுதினார். 1922-ஆம் ஆண்டில் ஒரு நூலே வெளியிட்டார். எல்சி பார்த்து வரைந்த கதைப் புத்தகம் எது தெரியுமா? 1914-ஆம் ஆண்டில் வெளிவந்த 'இளவரசி மேரியின் பரிசுப் புத்தகம்.' அதே புத்தகத்தில் கானன் டாயிலின் கதை ஒன்றும் அச்சாகியிருந்தது! விடை அவர் வீட்டு அலமாரியிலேயே இருந்திருக்கலாம்.

நண்பர்களே, அப்பெரியவரை எள்ளி நகையாட எனக்கு மனம் வரவில்லை. 1918-ஆம் ஆண்டில் அவர் தம் மகனை இழந்திருந்தார். போரும் நோயும் வீடுதோறும் பிள்ளைகளைப் பறித்துச் சென்ற காலம் அது. கண்ணுக்குத் தெரியாத உலகம் ஒன்று இருக்கவேண்டும் என்று அவர் உள்ளம் ஏங்கியது. பொய்ப்படம் நம் அறியாமையின் வாயிலாக மட்டும் உள்ளே வருவதில்லை. நம் ஆசையின் வாயிலாகவும் துயரத்தின் வாயிலாகவும் வருகிறது. அறிவுடையார் என்பதனால் அவ்வாயில்கள் அடைபட்டுவிடுவதில்லை.

அப்பெண்களின் நிலையோ இரங்கத்தக்கது. உலகப்புகழ் பெற்ற ஒருவர் நம்பிவிட்டபின், "இது அட்டை" என்று சொல்ல அவர்களுக்கு நாணமாக இருந்தது. சொல்லாமலே வளர்ந்தார்கள், மணம் புரிந்தார்கள், மூதாட்டியர் ஆனார்கள். 1983-ஆம் ஆண்டில்தான் உண்மை அவர்கள் வாயிலிருந்து வெளிவந்தது. ஒரு பகற்பொழுதின் விளையாட்டு 66 ஆண்டுகள் சுமையாக இருந்தது. தாராசுரத்துச் சிற்பிக்கு இத்துன்பம் நேரவில்லை. அவன் ஆட்டத்தின் விதியைக் கல்லிலேயே காட்டிவிட்டான். இச்சிறுமியரின் படமோ, ஆட்டத்தின் விதியை அறியாதவர்களிடம் சென்றுவிட்டது.

இப்போது நம் காலத்திற்கு வருவோம். பொறியைக் கொண்டு படம் வரையச் செய்யும் முயற்சி புதியதன்று. ஹெரால்டு கோஹன் என்னும் ஆங்கில ஓவியர் 1970-களின் தொடக்கத்திலேயே கலிபோர்னியாவில் 'ஆரன்' என்னும் கணிப்பொறி ஓவியனை உருவாக்கத் தொடங்கிவிட்டார். 2014-ஆம் ஆண்டில் இயான் குட்பெலோவும் அவருடைய தோழர்களும் ஒரு புதுமுறையைக் கண்டனர். ஒரு பொறி பொய்ப்படத்தைப் படைக்கும். மற்றொரு பொறி அது மெய்யா பொய்யா என்று சோதிக்கும். இவ்விரண்டும் போட்டியிட்டுப் போட்டியிட்டுத் திறன் பெறும். 2021-ஆம் ஆண்டு சனவரியில் 'டால்-ஈ' என்னும் பொறி அறிவிக்கப்பெற்றது. அது வரைந்து காட்டிய படங்களுள் பலரும் கண்டு மகிழ்ந்தது எது? வெண்ணெய்ப்பழ வடிவில் அமைந்த ஒரு சாய்வு நாற்காலி! ஆர்ச்சிம்போல்டோ பார்த்திருந்தால் தம் மாணாக்கன் ஒருவன் பிறந்துவிட்டான் என்று மகிழ்ந்திருப்பார். 2022-ஆம் ஆண்டில் இத்தகைய பொறிகள் பொதுமக்கள் கைக்கு வந்தன. தூரிகை பிடித்தறியாதவரும் ஒரு வரி எழுதிப் படம் ஒன்றைப் பெறலாம் என்றாயிற்று. பூனைக்கு வேட்டி கட்டினர். யானையைக் கம்பளி நூலால் பின்னினர். வீட்டுக்கு வீடு, கைப்பேசிக்குக் கைப்பேசி, அப்படங்கள் பறந்தன. அதில் தவறொன்றும் இல்லை. சிரிப்பும் மனிதனுக்கு உணவுதான்.

அப்பொறி எவ்வாறு வரைகிறது? இதனை நீங்கள் அறிந்திருத்தல் வேண்டும். கோடிக்கணக்கான படங்களை, அவற்றைப் பற்றிய சொற்களோடு சேர்த்து அதற்குக் காட்டுகிறார்கள். ஒரு படத்தின்மேல் சிறிது சிறிதாகப் புள்ளிகளைத் தூவி, அது முற்றும் மறையுமாறு செய்கிறார்கள். அவ்வாறு தூவிய புள்ளிகளைப் படிப்படியாக நீக்கும் வகையை அப்பொறி கற்றுக்கொள்கிறது. கற்றபின், வெறும் புள்ளிக் குவியலைக் கொடுத்து "குதிரை" என்றால், அதிலிருந்து ஒரு குதிரையைப் பிரித்தெடுக்கிறது. அக்குதிரை எந்த இலாயத்திலும் நின்றதன்று; எந்த வண்டியையும் இழுத்ததன்று. கற்ற குதிரைகள் பலவற்றின் சாயல் அது. புகைப்படம் ஒரு பொருளின்மேல் பட்ட ஒளியின் தடம். இதுவோ பழக்கத்தின் தடம். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் இருப்பதில்தான் சோதனை பிறக்கிறது.

2023-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், அப்போது போப்பாக இருந்த பிரான்சிஸ் அவர்கள், பஞ்சடைத்த வெண்ணிறக் குளிரங்கியை நாகரிக இளைஞர்போல் அணிந்து நடப்பதாக ஒரு படம் உலகெங்கும் பரவியது. வேடிக்கைக்காகப் பொறியால் ஆக்கப்பட்ட படம் அது. பலர் மெய்யென்றே கொண்டனர். அதனால் தீங்கு பெரிதாக இல்லை. அதே ஆண்டு மே 22-ஆம் நாள், அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் தலைமையகமான பென்டகனுக்கு அருகே வெடி விபத்து நேர்ந்ததாக ஒரு பொய்ப்படம் பரவியது. பங்குச் சந்தையின் விலைகளே சிலநேரம் சற்று ஆடின. முன்னது வேடிக்கை, பின்னது விபரீதம். இரண்டிற்கும் தேவைப்பட்ட உழைப்போ ஏறத்தாழ ஒன்றே.

அவ்வாண்டு ஏப்ரலில் நடந்த மற்றொரு நிகழ்ச்சியும் எண்ணத்தக்கது. போரிஸ் எல்டாக்சன் என்னும் செருமானியக் கலைஞர் உலகப் புகைப்படப் போட்டி ஒன்றிற்குப் படம் அனுப்பினார். பழங்காலப் புகைப்படம்போல் தோன்றிய அதில் பெண்கள் இருவர் இருந்தனர். ஒரு பிரிவில் பரிசு கிடைத்தது. இலண்டனில் நடந்த விழாவில் அவர் எழுந்து, இது செயற்கை நுண்ணறிவின் படைப்பு, புகைப்படம் அன்று எனக் கூறிப் பரிசை மறுத்துவிட்டார். அப்படவரிசைக்கு அவர் இட்ட பெயரின் பொருள் 'பொய்ந்நினைவு' என்பதாகும். அச்சொல் என் நெஞ்சைத் தைத்தது. காரணத்தைக் கூறுகிறேன்.

என் தந்தையாரும் ஆசிரியரே. நான் 13 வயதுச் சிறுவனாக இருந்தபோது அவர் மறைந்தார். எங்கள் வீட்டில் எஞ்சியிருப்பது 1961-ஆம் ஆண்டில் பள்ளியில் எடுத்த குழுப்படம் ஒன்றுதான். இரண்டாம் வரிசையில் நிற்கும் அவர் முகத்தின்மேல் ஈரம் பட்டுப் பூஞ்சணம் படர்ந்துவிட்டது. கல்லூரியில் பயிலும் என் அக்காவின் பேரன், சென்ற பொங்கலுக்கு வந்திருந்தபோது, அதனைக் கைப்பேசியில் படம் பிடித்து, பொறியிடம் கொடுத்துச் செப்பனிட்டான். சில நொடியில் பூஞ்சணம் மறைந்தது. முகம் பளிச்சென்று தெரிந்தது. "தாத்தா, கொள்ளுத்தாத்தாவைப் பாருங்கள்" என்று நீட்டினான். எழுபத்தோரு வயதான என் அக்கா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதார்கள். நானும் கலங்கினேன். அன்று மாலையே அப்படம் உறவினர் அனைவர்க்கும் சென்றது.

இரவு படுத்தபின் எனக்குள் ஓர் ஐயம் எழுந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் தந்தையார் திண்ணைத் தூணில் கண்ணாடியை மாட்டி முகம் மழிப்பார். நான் நீர்க் கிண்ணத்தை ஏந்தி நிற்பேன். அப்போது அவருடைய இடப் புருவத்தின்மேல் ஒரு தழும்பு வெளிறித் தெரியும். செப்பனிட்ட படத்தில் அது இல்லை. சில வாரம் கழித்து அக்காவிடம் அதைச் சொன்னேன். "அப்பாவுக்கா தழும்பு? உனக்கு நினைவு தவறுகிறது, தம்பி. படத்தைப் பார், புருவம் எவ்வளவு சீராக இருக்கிறது!" என்றார்கள். நான் திகைத்துப்போனேன். என்னைவிட மூத்தவர், தந்தையோடு என்னைவிட நீண்ட நாள் வாழ்ந்தவர். அவருடைய நினைவிலிருந்தே ஒரு தழும்பை அப்படம் துடைத்துவிட்டதே! அல்லது, என் நினைவுதான் பிழையோ?

நாற்பதாண்டு வரலாறு கற்பித்தவன் இந்நிலையில் என்ன செய்வான்? சான்றைத் தேடுவான். பரண்மேல் இருந்த தகரப் பெட்டியை இறக்கினேன். தந்தையாரின் பணிப்பதிவேட்டு நகல் ஒன்று அதில் இருந்தது. முதற்பக்கத்தில் 'அங்க அடையாளங்கள்' என்பதற்கு எதிரே, எவரோ ஓர் எழுத்தர் மங்கிய மையில் எழுதியிருந்தார்: இடப் புருவத்தின்மேல் ஒரு தழும்பு. அதனைப் படித்தபோது, செப்பனிட்ட படத்தைக் கண்டபோது வராத ஒன்று எனக்கு வந்தது. என் தந்தை வந்தார். அக்காவும் அவ்வரியை விரலால் தடவிப் பார்த்து, வெகுநேரம் பேசாதிருந்தார்கள். பிறகு, "மாமரத்திலிருந்து விழுந்தாராம், பாட்டி சொல்லியிருக்கிறாள்" என்றார்கள். துடைக்கப்பட்ட நினைவு திரும்பிவிட்டது.

அப்பொறி பொய் சொல்ல எண்ணியதா? இல்லை. பூஞ்சணத்தின் அடியில் இருந்த முகம் அதற்குத் தெரியாது. தான் கற்ற முகங்களின் சாயலால் அவ்விடத்தை நிரப்பியது, அவ்வளவே. 2020-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தார் ஆக்கிய ஒரு பொறியிடம், ஒபாமா அவர்களின் மங்கலான படத்தைச் சிலர் கொடுத்தனர். அது தெளிவாக்கித் தந்த முகம் ஒரு வெள்ளையருடையதாக இருந்தது! மிகுதியாகக் கற்ற முகம் எதுவோ, அதனையே அது வரையும். இல்லாததை நிரப்பும் இப்பழக்கம், வெண்ணெய்ப்பழ நாற்காலிக்கு அழகு. தந்தையின் முகத்திற்கு ஆகாது.

அக்காவின் பேரனை நான் கடியவில்லை. அன்பினால் செய்த பிள்ளை அவன். இருவரும் அமர்ந்து ஒரு வேலை செய்தோம். பூஞ்சணம் படர்ந்த பழைய படத்தையும் புதிய படத்தையும் அருகருகே ஒரே தாளில் அச்சிட்டோம். அதன் பின்புறத்தில் அவனே எழுதினான்: 'இடப்புறம் இருப்பது 1961-ஆம் ஆண்டுப் படம். வலப்புறம் இருப்பது பொறி ஊகித்த முகம். கொள்ளுத்தாத்தாவின் இடப் புருவத்தில் தழும்பு உண்டு.' உறவினர் அனைவர்க்கும் அதனை அனுப்பிவைத்தோம். பயார் தம் படத்தின் பின்புறத்தில் பொய்யை எழுதினார். பத்தொன்பது வயதுப் பிள்ளை மெய்யை எழுதினான்.

மாணவச் செல்வங்களே! விளையாட்டுச் சித்திரங்களை வெறுக்குமாறு நான் சொல்லவில்லை. நன்றாக விளையாடுங்கள். ஆனால் தாராசுரத்துச் சிற்பியைப்போல் விளையாடுங்கள். பார்ப்பவனுக்கும் ஆட்டத்தில் இடம் கொடுங்கள். நீங்கள் ஆக்கிய படமாயின், ஆக்கியது எனக் குறித்து அனுப்புங்கள். பிறர் அனுப்பிய படமாயின், இதனை ஆக்கியவர் யார், எதிலிருந்து ஆக்கினார், இதற்கு வேறு சான்று உண்டா என்னும் மூன்று வினாக்களைக் கேட்டபின் மற்றவர்க்கு அனுப்புங்கள். உங்கள் மனம் மிகவும் விரும்புகின்ற படம் வரும்போது, அவ்வினாக்களை இன்னும் ஒருமுறை கேளுங்கள்.

இன்றிரவு உங்கள் வீட்டுப் பழைய படங்களை எடுத்துப் பாருங்கள். அவற்றில் இருப்போரின் பெயர்களைப் பாட்டியிடமோ தாத்தாவிடமோ கேட்டு, பின்புறத்தில் மென்மையாகப் பென்சிலால் எழுதிவையுங்கள். தழும்பு இருந்தால் அதனையும் எழுதுங்கள். அது எவ்வாறு வந்தது என்பதையும் கேட்டு எழுதுங்கள். அதைச் சொல்லக்கூடியவர்கள் இன்று உங்கள் வீட்டில் இருக்கிறார்கள்.